புதுப்பிப்பு: வளைந்த சுவர் விளிம்பில் பிவிசி பட்டை உட்கார்ந்துவிட்டது

வளைவான சுவர் ஓரத்தில் பிவிசி பீடிங்கை (ஓரத்தை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஒட்டப் பார்த்தால், வளைக்கிற இடத்தில் வெள்ளைக் கோடு விழுகிறது, உள்கூடும் (பட்டைக்குள் இருக்கும் வெற்றிடம்) நசுங்குகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வெந்நீரில் இளக்குவது, ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டுவது, வளைய வசதியாகப் பட்டையின் பின்பக்கம் கீறிவிடுவது என மூன்று யோசனைகள் வந்தன.

தட்டையான மெல்லிய பட்டைக்கு வெந்நீரே போதும். பிவிசி ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். ஆனால் உள்கூடு உள்ள பட்டை, பாத்திரத்திலிருந்து சுவருக்குப் போவதற்குள்ளேயே விறைத்துவிடுகிறது. அதற்கு ஹீட் கன்தான். குறைந்த சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல், இரு பக்கமும் காட்ட வேண்டும். பட்டை தன் எடையிலேயே தொங்க ஆரம்பித்தால் போதும். அதற்கு மேல் சூடாக்கினால் பளபளப்பு போய்விடும். கருகும் அளவுக்குப் போனால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

நசுங்கலுக்கு மருந்து மணல். நன்றாகக் காய்ந்த மணலை உள்ளே நிரப்பி, இரு முனையையும் டேப்பால் அடைத்துவிட்டுச் சூடாக்கினேன். ஈர மணல் வேண்டாம், ஆவி கிளம்பும்.

சுவரிலேயே வைத்து வளைக்கவில்லை. ப்ளைவுட்டில் அச்சு வெட்டினேன், சுவரின் வளைவைவிடச் சற்று இறுக்கமாக. ஆறியதும் பட்டை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். சூடான பட்டையை அச்சில் வைத்து கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்ட பிறகு, ஈரத்துணி போட்டு முழுக்க ஆறும்வரை கிளாம்ப்பை எடுக்காதீர்கள். நீளத்தை வளைத்த பிறகே வெட்டுங்கள்.

கீறல் முறை எனக்குப் பிடிக்கவில்லை. முன்பக்கம் முழு வளைவாக இல்லாமல் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளாகத் தெரிகிறது. பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒத்துவரலாம்.