ஞானஸ்நானம் எடுத்து மூன்று மாதம்: வாசிப்பு லேவியராகமத்தில் நிற்கிறது

ஈரோட்டுக்காரி:
ஸ்தோத்திரம். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்தேன், வீட்டில் நான் மட்டும்தான். வேதாகமத்தை முதல் புத்தகமான ஆதியாகமத்திலிருந்து தினம் நாலு அதிகாரம் படித்து வந்தேன். லேவியராகமத்துப் பலிமுறைகளில் கண் சொக்குகிறது. பழைய வேதாகமத் தமிழும் பாதி புரியவில்லை. ஜெபத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வார்த்தை வருவதில்லை. ஆடி அமாவாசைக்கு மாமியார் படையல் போடுவார்கள், சாப்பிடலாமா?

வேதபாட வாத்தியார்:
சிஸ்டர், முக்கால்வாசிப் பேர் நிற்கிற இடம்தான் அது. வேதாகமத்தில் 1,189 அதிகாரம். நாளுக்கு நாலு என்றால் பத்து மாதத்தில் முடியும். கணக்கில் தப்பில்லை, வரிசையில்தான். யாத்திராகமம் 25-லிருந்தே ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) பலகை, திரை, கொக்கி என்று அளவாகவே வரும். எதற்கு இதெல்லாம் என்று தெரியாமல் படித்தால் சலிப்புதான்.

புதிய ஏற்பாட்டில் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம், தினம் ஒன்று போதும். பிறகு யோவான் 21, அப்போஸ்தலர் 28, பிலிப்பியர் 4, யாக்கோபு 5. மொத்தம் 74 நாள். லேவியராகமத்துக்குத் திரும்பும்போது 16-ஆம் அதிகாரத்தை எபிரெயர் 9, 10-உடன் சேர்த்துப் படியுங்கள். அந்தப் பலிகள் எதைக் காட்டுகின்றன என்று அப்போது பிடிபடும்.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, என்ன நடந்தது என்று நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் கண்தான் ஓடியிருக்கிறது, திரும்பப் படிக்க வேண்டும்.

பழைய மொழிபெயர்ப்பு 1871-ஐச் சேர்ந்தது. 'ஆக்கினைத்தீர்ப்பு' என்றால் தண்டனைத் தீர்ப்பு, 'நடக்கை' என்றால் நடத்தை. இப்படி நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வாருங்கள். முடிச்சு விழும் இடத்தில் 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஆதியாகமம் 'தொடக்கநூல்', யாத்திராகமம் 'விடுதலைப் பயணம்'. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

காலை ஐந்து மணி:
ஐந்து நிமிட ஜெபம் குறைவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்பவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். சங்கீதம் 23-ஐ எடுங்கள், ஆறே வசனம். ஒரு வசனம் வாசித்து, அதையே உங்கள் பேச்சில் ஆண்டவரிடம் சொல்லுங்கள், பிறகு அடுத்தது. வார்த்தை தானாக வரும். போனில் படிக்காதீர்கள், வாட்ஸ்அப் ஒன்று வந்தால் அன்றைய ஜெபம் போச்சு. புதிதாக வந்தவர்களைச் சபையில் உடனே உபவாசத்தில் உட்கார வைப்பதும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது.

கரையோரம்:
படையலுக்கு 1 கொரிந்தியர் 8, 10 இரண்டையும் படியுங்கள். கடையில் விற்பதை விசாரிக்காமல் சாப்பிடலாம் (10:25). படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிட வேண்டாம் (10:28). உங்களுக்குத் தெரிந்தே இருக்கிறதே, அதனால் வேண்டாம்.

சொல்கிற நேரம் முக்கியம். இலை போட்டபிறகு மறுத்தால் அது அவமானம். நாலு நாள் முன்னாலேயே, அத்தை தனியாக இருக்கும்போது, "எனக்கு மட்டும் வேண்டாம் அத்தை, மற்ற வேலையெல்லாம் நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். 'பிசாசுக்குப் படைத்தது' என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. 1 பேதுரு 3:1 நடக்கையைத்தான் பேசுகிறது, போதனையை இல்லை. உங்கள் பங்கைப் படைக்கும் முன்பே எடுத்து வைத்துவிடலாம்.

வேதபாட வாத்தியார்:
சமையலில் கைகொடுப்பதே தப்பு என்று சொல்லும் போதகர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காய் நறுக்குவது வழிபாடு ஆகாது. ஆனாலும் உங்கள் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஈரோட்டுக்காரி:
முன்பே எடுத்து வைப்பதுதான் நடக்காது. படைக்கும் முன் உப்பு பார்க்கக்கூட விடமாட்டார்கள், எச்சில் பட்டதாகிவிடும்.

கரையோரம்:
அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் அந்தச் சட்டியில் கைவைக்க வேண்டாம். ஒரு தம்ளர் அரிசியைத் தனியாகக் குக்கரில் வையுங்கள், தயிரும் ஊறுகாயும் போதும். அதையும் நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.