குரல் பொருந்தினால் ஆள் அவர்தானா?

செழியன்:
குரல் பதிவை வைத்து ஆளை அடையாளம் காணும் மென்பொருளின் முடிவை வழக்குகளில் சாட்சியமாக ஏற்கலாம் என்பது என் கட்சி. ஒருவர் காதால் கேட்டு "இது அவன் குரல்தான்" என்று சொல்வதை இன்றும் ஏற்கிறோம். அதைவிட இது எவ்வளவோ மேல். 2018இல் வந்த எக்ஸ்-வெக்டர் முறையில், நியூரல் நெட்வொர்க் (மாதிரிகளைப் பார்த்துக் கற்கும் கணினி நிரல்) ஒரு பேச்சை எண்களின் வரிசையாக மாற்றிவிடும். இரண்டு வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் போடும். பகையோ பயமோ அதற்குக் கிடையாது.

யாழினி:
இதே நம்பிக்கையோடுதான் 1962இல் அமெரிக்கப் பொறியாளர் லாரன்ஸ் கெர்ஸ்டா ஸ்பெக்ட்ரோகிராம் படங்களை, அதாவது குரலின் அதிர்வெண்கள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படங்களை, கைரேகைக்கு இணையாக முன்வைத்தார். 1979இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் குழு, வழக்குகளில் அதை மிகுந்த எச்சரிக்கையோடுதான் அணுக வேண்டும் என்றது. கைரேகை காலையில் ஒன்று மாலையில் ஒன்றாக இருக்காது. குரல் சளி பிடித்தால் மாறும், கத்தினால் மாறும். கிசுகிசுத்தால் குரல்நாண்கள் அதிர்வதே இல்லை.

செழியன்:
கெர்ஸ்டாவின் படங்களை மனிதர்கள் கண்ணால் பார்த்து முடிவு சொன்னார்கள். இப்போதைய கதை வேறு. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 1996 முதல் இந்தக் கருவிகளுக்குப் பொதுத் தேர்வு வைக்கிறது. விடை தெரியாமல்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

பாரி:
இந்தத் துறையில் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், சிக்கல் பதிவிலேயே தொடங்கிவிடுகிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ' ஒலியின் ஆற்றலில் பெரும்பங்கு அதற்கு மேலே இருப்பதால் அது அங்கேயே போய்விடும். ஒரே ஆள் போனில் பேசியதையும் அறை மைக்கில் பேசியதையும் ஒப்பிட்டால் மதிப்பெண் இறங்கும். எட்டு விநாடிப் பதிவு கைக்கு வரும். மௌனத்தையும் இரைச்சலையும் நீக்கினால் மிஞ்சுவது மூன்று விநாடி. அதிலிருந்து உறுதியாக என்ன சொல்ல முடியும்?

அப்புறம், "நீங்கள் இன்னார்தானா" என்று ஒருவரைச் சரிபார்ப்பது வேறு, கூட்டத்தில் தேடுவது வேறு. தவறாகப் பொருத்தும் விகிதம் 1% என்றே வைத்துக்கொள்வோம். 10,000 பேர் குரல்களில் தேடினால் சம்பந்தமே இல்லாத சுமார் 100 பேர் மாட்டுவார்கள்.

செழியன்:
சரி, கூட்டத்தில் தேடுவதை விட்டுவிடுவோம். ஏற்கெனவே வேறு ஆதாரத்தோடு பிடிபட்ட ஒருவர் விஷயத்தில்? அது அவர் குரலாக இருந்தால் இந்த மதிப்பெண் வர எவ்வளவு வாய்ப்பு, வேறொருவருடையதாக இருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்று விகிதமாகச் சொல்லலாமே. "அவர்தான்" என்று கருவி சொல்லத் தேவையில்லை.

யாழினி:
அந்த "வேறொருவர்" யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேறு மொழி, வேறு வயதுக்காரர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டால் விகிதம் பொய்யாக ஏறும். அண்ணன் தம்பி குரல்கள் எவ்வளவு ஒத்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போதாததற்கு, இப்போது சிறு மாதிரி இருந்தாலே குரலை நகலெடுக்கிறார்கள். வழக்கில் உள்ள பதிவின் அதே தரத்தில், அதே மொழியில் கருவியைச் சோதித்த முடிவை எதிர்த்தரப்பு வக்கீல் கையில் முதலில் கொடுங்கள். அதுவரை ஒருவரைச் சிறைக்கு அனுப்ப இதை நான் ஒப்பமாட்டேன்.

செழியன்:
அந்த நிபந்தனை நியாயம்தான், கொடுக்கட்டும். ஆனால் அதே சோதனையைக் காதால் கேட்டுச் சொல்லும் சாட்சிக்கும் வையுங்கள்.