விலை தெரிந்தால் விவசாயிக்கு லாபம் வந்துவிடுமா?

வரப்போரம்:
வளரும் நாடுகளில் விவசாயிகள் தகவல் தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குகிறார்கள் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். செல்போனை யாரும் அவர்கள் கையில் திணிக்கவில்லை, தாங்களாகவே வாங்கினார்கள். உதவாத செயலியைத்தான் தொடுவதில்லை. அதற்குப் பெயர் தயக்கமா?

ஏர்முனை:
உதவாது என்று அடித்துச் சொல்லாதீர்கள். கேரளக் கடலோரத்தில் 1997 முதல் 2001 வரை செல்போன் பரவியபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் கணக்கெடுத்திருக்கிறார். மத்தி பிடித்தவர்கள் படகில் இருந்தபடியே நாலு துறைக்குப் போன் போட்டு விலை கேட்டார்கள். வாங்க ஆளில்லாமல் மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரிலும் செல்போன் வந்த பிறகு தானிய விலை சந்தைக்குச் சந்தை வேறுபடுவது குறைந்ததாக ஜென்னி ஏக்கர் என்ற பொருளியலாளர் காட்டினார்.

வரப்போரம்:
ஜென்சனைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும் அண்ணே. படகைத் திருப்பலாம், வண்டியில் ஏற்றிய மூட்டையை? அதுவும் விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தவரே வியாபாரி என்றால், பக்கத்துச் சந்தையில் என்ன விலை போனால் என்ன? நைஜர் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். அதே ஜென்னி ஏக்கர், மார்செல் ஃபாஃப்ஷாம்ப்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளருடன் சேர்ந்து தட்டைப்பயறு விலையைப் பார்த்தபோது, விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை ஏறவில்லை. மகாராஷ்டிரத்தில் விலை, வானிலைச் செய்திகளை ஓராண்டு இலவசமாக அனுப்பிப் பார்த்த ஆய்விலும் விற்ற விலையில் சொல்லும்படி மாற்றம் இல்லை.

கமலை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இப்படி ஒரு குறுஞ்செய்தித் திட்டத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவன் நான். தக்காளி விலை காலை பதினொரு மணிக்குப் போகும். ஏலமோ விடியுமுன்பே முடிந்திருக்கும். செய்தி ஆங்கில எழுத்தில் இருக்கும், கிலோவுக்கா குவிண்டாலுக்கா என்றும் இருக்காது. ஒரு பெரியவர் போனைக் கையெட்டும் தூரம் நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பையன் வரட்டும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். களை எடுத்துக்கொண்டிருந்தது அவர் மனைவி. களை பற்றிய செய்தியும் அந்தச் சட்டைப்பைக்குத்தான் போனது.

ஏர்முனை:
அது திட்டம் போட்டவர்கள் செய்த தப்பு தம்பி, தொழில்நுட்பத்தின் மேல் ஏன் பழி? மத்தியப் பிரதேசத்தில் விவசாயிகளுக்கு விலையைக் காட்ட ஒரு நிறுவனம் 2000-இல் தொடங்கிய இணைய மையங்களால் சோயா விலை 1 முதல் 3 சதவீதம் வரை உயர்ந்தது. இதுவும் ஆய்வில் வந்ததுதான்.

வரப்போரம்:
அங்கே விலையைக் காட்டிய நிறுவனமே நேரடியாகக் கொள்முதலும் செய்ததே! மண்டியை விட்டால் இன்னொரு வாசல் இருந்தது. நானும் அதைத்தானே சொல்கிறேன்.

ஏர்முனை:
சரி, விலை விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆலோசனை விஷயத்தில் விடமாட்டேன். குஜராத்தில் பருத்தி விவசாயிகள் போனில் சந்தேகத்தைப் பேசிப் பதிவு செய்தார்கள், பதிலும் குரலாகவே வந்தது. எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. அதிக நச்சுள்ள மருந்துகளைக் குறைத்தார்கள். மருந்து விற்கிறவரிடமே யோசனை கேட்கும் நிலைமை கொஞ்சம் மாறியது.

கமலை:
இது எனக்குப் புரிகிறது. எங்கள் திட்டத்தில் திருப்பிக் கேள்வி கேட்க வழியே கிடையாது. வந்த செய்திக்குப் பதில் அனுப்பினால் போய்ச் சேராது.

வரப்போரம்:
குஜராத்தை ஏற்கிறேன் அண்ணே. ஆனால் கடன் கொடுத்த வியாபாரி பற்றி நீங்கள் இன்னும் வாய் திறக்கவில்லை.