புழைவளி நிறமாலையியல்: ‘திசு’ ஏன் வேண்டாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

காஸ்மாஸ் (GASMAS) என்பது ஒரு பொருளுக்குள் அடைபட்ட வளியை லேசர் ஒளியால் அளக்கும் முறை. அதற்குத் தமிழ்ப் பெயராக ‘திசு வாயு நிறமாலையியல்’ என்று நேற்று ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு இரண்டு மறுப்புகள். முதலாவது சிறியது. உடம்போடு சேர்த்து ‘வாயு’ என்று எழுதினால், படிப்பவர் பெருங்காய மோரைத் தேடிப் போய்விடுவார். ‘வளி’ போதும்.

இரண்டாவதுதான் முக்கியம். 2001இல் சுவீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தில் சூனே ஸ்வான்பெரி குழுவினர் இந்த முறையை வெளியிட்டபோது அளந்தது மரக்கட்டையையும் பழங்களையும். சைனஸ் அறைகளும் பச்சிளங்குழந்தையின் நுரையீரலும் பிறகு வந்தவை. ‘திசு’ என்றதும் படிப்பவருக்கு உடம்புதான் நினைவுக்கு வரும்; ஆப்பிள் வெளியே நிற்கும்.

அதோடு, இங்கே அளக்கப்படுவது திசுவில் கரைந்த வளி அன்று. பொந்துகளில் அடைபட்டுக் கிடக்கும் வளி. தடையின்றித் திரியும் ஆக்சிஜன் மூலக்கூறு 760 நானோமீட்டர் அருகே மயிரிழை போன்ற குறுகிய அலைநீளக் கோடுகளில் ஒளியை உட்கவர்கிறது, அதாவது விழுங்குகிறது. சுற்றியுள்ள சதை ஒளியை உட்கவரும் அலைநீளப் பட்டையோ அதைவிடப் பத்தாயிரம் மடங்கு அகன்று பரந்தது. லேசரின் அலைநீளத்தை இம்மி இம்மியாக நகர்த்தும்போது அந்தக் கூர்மை மட்டும் தனித்துத் தெரிகிறது. இரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனுக்கு இந்தக் கூர்மை இல்லை.

ஆங்கிலப் பெயரில் ‘scattering’ இருக்கிறதே, தமிழில் ‘சிதறல்’ என்ற சொல் வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மின்வெட்டு நேரத்தில் டார்ச்சை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள்: கை முழுவதும் சிவந்து ஒளிரும், எலும்பின் நிழல் மட்டும் தெரியாது. ஒளி அப்படி அலைந்து திரிவதால் அது கடந்த தொலைவே தெரியாமல் போகிறது. இதற்கு நீராவிதான் கைகொடுக்கிறது. ஈரமான உடற்குழியில் 37 பாகை வெப்பத்தில் நீராவி எவ்வளவு இருக்கும் என்பது முன்பே தெரியும். 937 நானோமீட்டர் அருகே அதை அளந்தால் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் இவ்வளவையும் பெயரில் ஏற்றினால் ‘சிதறலூடக வளிம உட்கவர் நிறமாலையியல்’ என்றாகும். கட்டுரையின் முதல் வரியில் விளக்கமாக இருக்கட்டும், தலைப்பில் வேண்டாம்.

என் பரிந்துரை ‘புழைவளி நிறமாலையியல்’. புழை என்றால் உள்ளீடற்ற துளை. யானையின் தும்பிக்கையைப் புழைக்கை என்றார்கள். நுண்புழை பாடநூலிலேயே இருக்கிறது. சைனஸ், நுரையீரல் சிற்றறை, மரத்தின் துளை மூன்றும் இதில் அடங்கும்.

‘உட்கவர்’ (absorption) பெயரில் இல்லாததால் ஒரு வசதியும் உண்டு: அதை ‘அகத்துறிஞ்சல்’ என்று எழுதும் இலங்கை நண்பர்களோடு பழைய சண்டையை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. ‘புழை’ அவர்களுக்குச் சரிப்படுமா என்று மட்டும் சொல்லட்டும்.