ஸ்டாக் ஆர்டரை ஏஐ ஏஜென்ட் கையில் விடலாமா? (மளிகை, மூன்று கடை)

தண்டையார்பேட்டை மளிகை:
எங்களுக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு கடை, கொருக்குப்பேட்டையில் ஒன்று, காசிமேட்டில் ஒன்று. பில்லிங் சாஃப்ட்வேர் போட்டவர்களே இப்போது ஏஐ ஏஜென்ட் என்று ஒன்றைக் காட்டிவிட்டுப் போனார்கள். எது எப்போது தீரும் என்று விற்பனையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாட்ஸ்அப்பில் அதுவே ஆர்டர் போட்டுவிடுமாம், நம்மைக் கேட்கவே கேட்காதாம். இப்போதைக்குச் சித்தப்பாதான் ராத்திரி கடை சாத்தியதும் ரேக் ரேக்காகப் பார்த்து நோட்டில் குறிக்கிறார், அவருக்கு முட்டிவலி வேறு. யாராவது முழுசாக விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஆர்டர் தப்பாகப் போனால் டிஸ்ட்ரிபியூட்டர் யார் சட்டையைப் பிடிப்பார், என்னையா சாஃப்ட்வேர்காரரையா?

பெரம்பூர் கவுன்ட்டர்:
கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை தலைவரே. ஒரு நாளைக்கு 6 பாக்கெட் போகிறது, ஆர்டர் போட்டால் சரக்கு வர 4 நாள், அப்போ 24, கையிருப்புக்கு ஒரு 10 சேர்த்தால் 34. ஸ்டாக் 34-க்கு இறங்கினால் ஆர்டர் போடு, அவ்வளவுதான், இதற்கு ஏஐ-யே வேண்டாம். சிக்கல் எங்கே என்றால் கம்ப்யூட்டர் காட்டும் ஸ்டாக்கும் ரேக்கில் இருப்பதும் ஒன்றா என்பதில். உங்கள் பில் கவுன்ட்டரில் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒருத்தர் நாலு சோப்பு எடுத்து வருவார், ரெண்டு சந்தனம், ஒன்று வேப்பிலை, ஒன்று எலுமிச்சை. விலை ஒன்றுதானே என்று பையன் சந்தனத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி 4 என்று தட்டுவான். கூட்ட நேரத்தில் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். மெஷின் கணக்கில் சந்தனம் பறக்கிறது, வேப்பிலை அசையவே இல்லை. அப்புறம் அது சந்தனத்தைப் பெட்டி பெட்டியாக வரவழைக்கும், வேப்பிலை ரேக் காலியாகவே கிடக்கும், காலியான சரக்கு விற்காதே, அதனால் "இதை யாரும் கேட்பதில்லை" என்று அது முடிவே கட்டிவிடும். மூட்டை பிரித்துக் கட்டும் சர்க்கரை, பருப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வார்ஃப் ரோடு:
காசிமேடு கடையை மட்டும் அதனிடம் விடாதீர்கள் அண்ணே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. படகுக்கு ஏற்றும் அரிசி, எண்ணெய், பிஸ்கட், தண்ணீர் கேன் எல்லாம் படுத்துவிடும், வீட்டுக்கு வாங்குவதும் சுருங்கும், கடன் நோட்டு மட்டும் தடிக்கும். ஏஜென்ட் அந்த ரெண்டு மாதத்தைப் பார்த்து ஆர்டரைக் குறைத்துக்கொண்டே வரும். தடை முடியும் ராத்திரி எல்லாப் படகும் ஒரே மூச்சில் சரக்கு ஏற்றும்போது உங்கள் கடையில் என்ன இருக்கும்? தேதியை முன்கூட்டியே சொல்லிவைத்தால் புரிந்துகொள்ளுமாம், சரி, ஆனால் சொல்லவேண்டும் என்று யாருக்காவது ஞாபகம் வரவேண்டுமே.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:
"யார் சட்டை" என்பதற்கு மட்டும் பதில். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 11. நீங்களோ உங்கள் சார்பில் வேறொருவரோ தானாக இயங்கும்படி அமைத்துவைத்த சிஸ்டம் ஒரு செய்தியை அனுப்பினால், அது நீங்கள் அனுப்பியதாகவே கொள்ளப்படும். ஆக, டிஸ்ட்ரிபியூட்டர் உங்களிடம்தான் வருவார். சாஃப்ட்வேர்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பா என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ஜிஎஸ்டி குறைப்பை அறிவித்து 22-ஆம் தேதி அமலாக்கினார்கள், ஷாம்பு, பேஸ்ட், சோப்பு எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம். நடுவில் இருந்த நாட்களில் விவரம் தெரிந்தவர் யாரும் பழைய விலைச் சரக்கை அடுக்கவில்லை. விற்பனைக் கணக்கை மட்டும் பார்க்கிற ஏஜென்ட்டாக இருந்தால் தீபாவளி வருகிறது என்று அடுக்கியிருக்கும்.

மின்ட் தெரு:
2025-இல் ஆந்த்ரோபிக் கம்பெனி தன் சான் பிரான்சிஸ்கோ ஆபீஸிலேயே ஒரு குட்டிக் கடையை அவர்களுடைய ஏஐ-யிடம் விட்டுப் பார்த்தது. யாரோ விளையாட்டாக டங்ஸ்டன் உலோகக் கட்டி கேட்க, அது அதை வாங்கி அடுக்கி, வாங்கின விலைக்கும் கீழே விற்றது. கெஞ்சியவர்களுக்கெல்லாம் தள்ளுபடி. இதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள், அது நல்ல விஷயம். நம்ம ஊரில் கெஞ்சப்போவது கஸ்டமர் இல்லை, மாசக் கடைசியில் டார்கெட் முட்டிக்கொண்டு நிற்கும் சேல்ஸ்மேன். "ஸ்கீம் இன்னிக்கு ராத்திரியோட முடியுது சார், 20 பெட்டி போட்டுடுங்க" என்று அதே வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்டினால் போதும். சித்தப்பாவிடம் அது நடக்குமா? ஆர்டரை அது எழுதட்டும், அனுப்புகிற பொத்தான் உங்களிடம் இருக்கட்டும். ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வாரத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போகாதபடி பூட்டும் போடச் சொல்லுங்கள். செக் பாஸாக வேண்டிய தேதி அதற்குத் தெரியாது.

தண்டையார்பேட்டை மளிகை:
எல்லாருக்கும் நன்றி. தண்டையார்பேட்டை கடையில் சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் மட்டும் விட்டுப் பார்க்கிறேன், அனுப்புவது நான்தான். பெரம்பூர் அண்ணே, அந்த நாலு தட்டும் பழக்கத்தை எப்படி நிறுத்தினீர்கள்?

பெரம்பூர் கவுன்ட்டர்:
முழுசாக நிற்கவில்லை. அந்தச் சோப்பு வகைக்கு மட்டும் எண்ணிக்கை தட்டுகிற வசதியை எடுத்துவிடச் சொன்னேன், ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணித்தான் ஆகவேண்டும். பையன்கள் முணுமுணுத்தார்கள், சாயங்காலம் வரிசை கொஞ்சம் நீளும். ஏஜென்ட்டை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தடவை சித்தப்பாவை உட்காரவைத்து, பையன்களை விட்டு ரேக்கை எண்ணி, அந்த எண்ணை ஏற்றிவிடுங்கள்.