ஹெரால்டுக்கு ரிம் தேடி அலைந்த ஒன்றரை வருடம்

எங்கள் வீட்டு வண்டி 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. அப்பா ஓட்டியது, இப்போது என்னிடம் இருக்கிறது. டயர் மாற்றலாம் என்று கழற்றிப் போட்ட அன்றுதான் இந்தக் கதை ஆரம்பித்தது. பஞ்சர் கடை அண்ணன் ரிம்மை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, "சார், இங்க வாங்க, இதைப் பாருங்க" என்று ஸ்டட் (சக்கரத்தை வண்டியோடு பிணைக்க நட்டு ஏற்றுகிற திருகுக் கம்பி) ஓட்டைக்குப் பக்கத்தில் நகத்தை வைத்துக் காட்டினார். தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, அதிலிருந்து பழுப்பாகத் துரு கசிந்திருந்தது, நகத்தை இழுத்தால் அந்த இடத்தில் மாட்டுகிறது. விரிசல்! மற்ற மூன்றையும் துடைத்துப் பார்த்தோம், இன்னொன்றிலும் அதே இடத்தில் தொடங்கியிருந்தது. போன வாரம்தான் அம்மாவை உட்கார வைத்து திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய் வந்திருந்தேன். கை நடுங்கிவிட்டது.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இதற்கு ரிம் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று. அம்பாசடர் 2014 வரை வந்துகொண்டே இருந்த வண்டி, கேட்ட இடத்தில் பொருள் கிடைக்கும். ஹெரால்டு சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் 1971 வரைதான் தயாரானது, அந்தக் கம்பெனியும் 1988-ல் நின்றுபோனது. ரிம் 13 அங்குலம், அகலம் மூன்றரை அங்குலம்தான், நான்கு ஸ்டட். எதிரெதிர் ஸ்டட்டுகளின் மையத்திலிருந்து மையம் வரை, அதாவது பி.சி.டி, 3¾ அங்குலம். மில்லிமீட்டரில் 95.25. மாருதி 800-க்கு 114.3, ஸ்விஃப்ட்டுக்கும் ஐ10-க்கும் 100, ஃபியட் ஊனோவுக்கு 98. நம்மூர் ரோட்டில் ஓடும் எந்த வண்டியின் ரிம்மும் நேராக உட்காராது.

இதில் 98 என்கிற அந்த எண்தான் என்னை மாட்டிவிட்டது. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்த பிறகு ஒரு கடையில், நடு ஓட்டையை லேத்தில் கொஞ்சம் கடைந்து வைத்திருந்த ஊனோ ரிம் நான்கைக் காட்டி, "ஹெரால்டுக்கு இதான் சார் எல்லாரும் போடுறாங்க, அப்படியே உக்காந்துரும்" என்றார்கள். வாங்கி வந்து மாட்டினேன். உட்கார்ந்தது! நான்கு நட்டும் கையாலேயே ஏறின. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் தெருவைச் சுற்றி ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்பேனர் போட்டால், முன் வலது சக்கரத்தில் இரண்டு நட்டு அரைச் சுற்று இளகியிருந்தது. திரும்ப இறுக்கி ஓட்டினேன், திரும்பவும் இளகியது.

அரியமங்கலத்தில் எனக்குத் தெரிந்த லேத் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நட்டின் கூம்பு முனையில் நீல மையைத் தடவி, ஸ்டட்டில் ஏற்றி இறுக்கி, கழற்றிக் காட்டினார். ரிம்மில் முழு வட்டமாக விழ வேண்டிய நீலம், நடுவை நோக்கிய பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி ஒட்டியிருந்தது. நான்கு ஓட்டையிலும் அதே பிறை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்டட்டின் கனம் 3/8 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். ஃபியட் ரிம் ஓட்டை 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானது. பி.சி.டி.யில் இருக்கும் 2.75 வித்தியாசத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்றே கால் சொச்சம்தான் வருகிறது, அதை இந்த இடைவெளி விழுங்கிவிடும். அதனால் சக்கரம் ஏறிவிடுகிறது, ஆனால் நட்டு ஓட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும்தான் உட்கார்கிறது. ஸ்டட் ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டே சுற்றும், நட்டு இளகும், ஒருநாள் ஸ்டட்டே முறியும். ஏறவே மாட்டேன் என்கிற மாருதி ரிம்மால் யாருக்கும் ஆபத்தில்லை. இதுதான் ஆளைக் கொல்லும். ரிம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த நீல மையை ஒருமுறை தடவிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பிறகு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஓட்டையை வெல்டு வைத்து அடைத்துப் புதிதாகத் துளை போடலாம் என்றார் ஒருவர். ரிம்மில் அதிகம் சுமை வாங்கும் இடமே அதுதான், அங்கே வெல்டு வைத்ததை நம்பி நான் குடும்பத்தை ஏற்ற மாட்டேன். வேறு அளவு ரிம் மாட்டுவதற்காக நடுவில் கொடுக்கிற அடாப்டர் தட்டு போட்டால் சக்கரம் வெளியே தள்ளிப் போகும், பேரிங்குக்குப் பாரம் கூடும். அதோடு, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற வண்டி இது. சக்கரம் அந்த அளவுக்கு மடங்குவதால், அகலமாகவோ வெளியே தள்ளியோ எதைப் போட்டாலும் எங்காவது உரசும். இங்கிலாந்தில் இதே பி.சி.டி.யில் புது அலாய் ரிம் கிடைக்கிறது, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் அதே அளவுதான். கப்பல் கூலியும் சுங்கமும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது மணப்பாறைப் பக்கம், ஒரு வெல்டிங் பட்டறை வாசலில். டீ குடிக்க நிறுத்தினேன், எதிரே ஜெனரேட்டர் வைத்த இழுவை டிராலி நின்றது. ரிம்மைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பட்டறை அண்ணனிடம் கேட்டு ஸ்கேலை வைத்தேன். ஒரு ஸ்டட்டின் வலது விளிம்பிலிருந்து எதிர் ஸ்டட்டின் வலது விளிம்பு வரை அளந்தால் மையக் கணக்கு தானாக வந்துவிடும், மையத்தைத் தேட வேண்டியதில்லை. சரியாக 3¾. ஹப்போடு (ரிம் மாட்டுகிற, ஸ்டட் பதித்த நடுப்பாகம்) சேர்த்து ஹெரால்டு சாமான், அவருடைய மாமனார் காலத்தில் உடைத்த வண்டியாம். டிராலி ஓடாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை, அதனால் மாருதி 800 ஹப், ரிம், டயர் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, அதை டிராலியில் பற்றவைத்துப் பொருத்துகிற கூலியையும் கொடுத்தேன். மனுஷன் கொட்டகைக்குள் போய் மூன்றாவது ரிம் ஒன்றையும் எடுத்து வந்து, "இதுக்குக் காசு வேணாம் தம்பி, அப்பா வண்டின்னு சொன்னீங்கல்ல" என்று கையில் கொடுத்தார்.

மூன்றையும் என் வண்டி ஹப்பிலேயே மாட்டிச் சுற்றிவிட்டு, எவ்வளவு ஆடுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். இரண்டு ரிம்களின் ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருந்தது. இலவசமாக வந்தது நான்கு மில்லிமீட்டர் ஆடியது, பெண்டு எடுத்தும் இரண்டுக்குக் கீழே வரவில்லை. மணலைப் பீய்ச்சித் துருவை எடுக்கிற சாண்ட் பிளாஸ்ட் அடித்து, விரிசல் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் பெயின்ட். நட்டு உட்காரும் கூம்பில் பெயின்ட் தடிமனாகப் படியவிடாதீர்கள், அது நசுங்கி நட்டு இளகும். டயரின் பழைய அளவு 5.20-13, நான் 145/80 ஆர்13 ரேடியல் போட்டிருக்கிறேன், டியூபோடு. டியூப்லெஸ் ரிம்மில் டயர் நழுவாமல் பிடிக்க ஒரு மேடு இருக்கும், ஹெரால்டு காலத்து ரிம்மில் அது கிடையாது, டியூப் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

இப்போது நான்கு சக்கரமும் நல்ல ரிம்மில் ஓடுகிறது. ஸ்டெப்னிதான் இல்லை. அந்த ஆடுகிற ரிம்மைத்தான் டிக்கியில் வைத்திருக்கிறேன், பஞ்சரானால் நாற்பதுக்கு மேல் போகாமல் அடுத்த கடை வரை போய்ச் சேர. உங்கள் ஊரில் பழைய டிராலி, தள்ளுவண்டி எதிலாவது 13 அங்குலத்தில் நான்கு ஸ்டட் ஒல்லி ரிம் கண்ணில் பட்டால், ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள். எவ்வளவு தூரமானாலும் வந்து எடுத்துக்கொள்கிறேன்.