சமாதான விருது – பங்களிப்பு தொடர்பாக (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் வெளிநாட்டு உறவுகள் குழு)

செயலாளர், டொராண்டோ:

ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம். இந்த வருடத் திருவிழா முடிந்த கையோடு ஊரில் சமாதான விருது வழங்கத் தீர்மானித்திருக்கிறோம். பிரச்சினை நாட்களில் ஊரைக் காத்தவர்கள் என்று ஆறு பேரின் பெயரை ஊர்க்கிளை அனுப்பியிருக்கிறது. பந்தல், ஒலிபெருக்கி, கேடயம், பொன்னாடை, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ரூபா வரும். குடும்பத்துக்கு நூறு கனேடிய டொலர் என்று போட்டால் சமாளிக்கலாம். மற்ற நாட்டுக்காரர் அதற்கு ஈடாக அனுப்புங்கள். மாத முடிவுக்குள் அனுப்புபவர்களின் பெயர் விழா மலரில் வரும்.

சூரிச்:

தம்பி, ஆறு லட்சத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கேடயம் ஒன்று என்ன விலை? பந்தல் யாருடையது? சுனாமிக்குப் பிறகு வாசிகசாலைக்கென்று சேர்த்த காசில் கூரை வந்தது, அலுமாரி வரவில்லை. அந்தக் கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. பற்றுச்சீட்டு இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள்.

லண்டன்:

அண்ணன் கணக்கைக் கேட்கிறார். எனக்கு ஆட்களைப் பற்றித்தான் கேள்வி.

போன மாதம் ஊரில் நின்றேன். பதாகை அடித்து முடித்துவிட்டார்கள். மண்டபத்துச் சுவரோரம் சுருட்டி வைத்திருந்ததை மருமகன் விரித்துக் காட்டினான். சங்கத்தின் பெயர் முழ நீளத்துக்கு, நிர்வாகிகளின் படங்கள் வரிசையாக. விருது பெறுபவர்கள் அடியில் பொடி எழுத்தில். அவன் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். இரண்டாவது பெயர் வந்ததும் பெரியம்மா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா. ஏனென்று இந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியும். நான் எழுதப்போவதில்லை.

ஆறு பெயரில் மண்முனைத் துறைக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் ஆள் ஒருவர்கூட இல்லை. இது எப்படி? 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். 12 ஆம் திகதி ஏறாவூரில் முஸ்லிம்களை, அதே நாள் வீரமுனையில் தமிழரை. செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழரை. ஆறு கிழமைக்குள் இவ்வளவும். அந்த நேரத்தில் தன் ஆட்களைக் காப்பாற்றியவர்களைக் கும்பிடுகிறேன். அது வேறு. சமாதானம் என்று விருதுக்குப் பெயர் வைத்தால் மற்றப் பக்கத்து ஆளுக்காகத் தன் பக்கத்தில் ஏச்சு வாங்கியவரைத் தேடவேண்டும். அப்படி ஒருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். வட்டை விதானையாக, அதாவது வயல்காரரின் வேலைகளைப் பார்ப்பவராக, இருந்த எங்கள் மாமா.

துறைக்கு அந்தப் பக்கம் நெல் ஆலை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்போம், அவருக்குப் படுவான்கரையில் காணி இருந்தது. 90க்குப் பிறகு அவர்கள் இந்தக் கரைக்கு வந்து வெள்ளாமை செய்ய வழியில்லை. நம் ஆட்களுக்கு அந்த ஊரைத் தாண்டி ஆசுபத்திரிக்குப் போகப் பயம். ஆளில்லாத வயல் என்று எத்தனை பேரின் காணி கைமாறியது என்று உங்களுக்குத் தெரியாதா? காக்காவின் காணி மட்டும் மாறவில்லை. மாமா ஆள் பிடித்துச் செய்வித்தார். குத்தகைக் காசைப் போகம் போகமாக மண்முனைத் துறையில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறும் மீன் யாவாரி கையில் கொடுத்தனுப்பினார்.

அதற்கு ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டைக் கணக்குக் கொப்பி, இருக்கிறது. இந்த முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். மட்டை போய், நூலால் தைத்திருந்தது. எத்தனை மூடை, அன்றைய விலை, விதைநெல்லுக்குக் கழித்தது, உரத்துக்குக் கழித்தது, கடைசியில் காக்காவின் கையெழுத்து. வெள்ளம் அடித்த ஒரு போகத்துக்கு "அரைவாசி, மிச்சம் பிறகு" என்று இருக்கிறது. அந்த மிச்சத்தையும் அடுத்த போகத்தில் கொடுத்து, சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார். இந்தக் கொப்பிக்காக மாமாவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். திரும்பி வந்து எட்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மறுகா அடுத்த போகமும் எழுதியிருக்கிறார்.

காக்கா சும்மா காசு வாங்கிக்கொண்டிருந்தவரும் இல்லை. சின்னக்காவுக்குப் பிள்ளைவலி கண்ட இரவு, துறையடியில் ஆலை லொறியோடு நின்றவர் அவர். தன் மனைவியை முன்னுக்கு இருத்தி, மறித்த இடமெல்லாம் "மச்சாள் வயிற்றுக்குத்து" என்று சொல்லி மட்டக்களப்பு ஆசுபத்திரி வாசலில் இறக்கிவிட்டவர். அந்தப் பிள்ளைதான் இன்று சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது, செயலாளரே.

மாமாவிடம் விருதைப் பற்றிச் சொன்னேன். "அந்த மனிசனை விட்டுப்போட்டு நான் மட்டும் மேடையில ஏறினா, நாளைக்குச் சந்தையில அவர்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்றார். சரிதானே. கொடுப்பதானால் இரண்டு பேரையும் ஒன்றாக ஏற்றுங்கள், ஒரே கேடயத்தில் இரண்டு பெயர் போடுங்கள். இல்லையென்றால் என் காசு வராது.

செயலாளர், டொராண்டோ:

அக்கா, நீங்கள் பெரியவர், மரியாதையோடு எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சங்கம், எங்கள் காசு, எங்கள் ஆட்களுக்கு விருது. இதற்கு அந்தப் பக்கம் போய் ஆள் கேட்கவேண்டுமா? அவர்கள் எங்களில் யாருக்காவது கொடுத்தார்களா? 2023 செப்டெம்பரில் மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் றோட்டோரம் குந்தியபோது எந்தச் சமாதானக்காரர் பக்கத்தில் வந்து இருந்தார்? எப்போதும் நாங்கள்தான் பெருந்தன்மை காட்டவேண்டும்.

இன்னொன்று. உங்கள் மாமாவின் பெயர் வராததுதான் உங்களுக்குக் கோபம் என்று ஊருக்கே விளங்கும். எங்கள் மேற்கு வேலிப் பிணக்கில் அவர் யார் பக்கம் தீர்ப்புச் சொன்னார் என்பதையும் ஊர் மறக்கவில்லை.

மெல்பேர்ன்:

பிள்ளைகள், கொஞ்சம் பொறுங்கோ. விருது என்றதும் எனக்கு மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியின் பாஸ்கற்போல் திடல்தான் ஞாபகம். எங்களுக்குப் பந்து பழக்கிய அமெரிக்கப் பாதிரியார் ஹெபர்ட் அடிகளார் விசிலோடு நிற்பார். பந்தை விட்டால் ஏச்சு, விழுந்து அடிபட்டால் முதலில் ஓடி வருகிறவரும் அவர்தான். 1990 ஓகஸ்ட் 15 வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர், வந்து சேரவே இல்லை. கூட வந்த பெடியன் பேர்ட்ரம் பிரான்சிஸ். அடிகளாரைச் சொல்கிறவர்கள் அந்தப் பெடியனின் பெயரை விட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பொறுக்காது.

அதற்கு இரண்டு வருடம் முன்னம், 1988 ஜூன் 6, மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவராக இருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளாரைச் சுட்டார்கள். 1948 இல் அமெரிக்காவில் இருந்து வந்த மில்லர் அடிகளார் காணாமல் போனவர்களின் தாய்மாரை இருத்தி, பெயர், வயது, எந்தச் சந்தியில் பிடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். இப்போதும் மத்தியஸ்த சபையில் சம்பளம் இல்லாமல் வேலிச் சண்டை, கடன் சண்டை தீர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதிரை போடுங்கள். பொன்னாடை வேண்டாம், அந்த வெயிலில் போர்த்தினால் மனிசன் மயங்கி விழுவான்.

முந்தி பாதையில் மாடும் நாங்களும் சைக்கிளும் ஒன்றாக நிற்போம். 2014 இல் மண்முனைத் துறையில் பாலம் திறந்தபிறகு ஐந்து நிமிசத்தில் தாண்டுகிறார்களாம். நான் இன்னும் அதில் போகவில்லை.

லண்டன்:

பெரியப்பா சொல்வது சரி, பொன்னாடை வேண்டாம்.

தம்பி, மேற்கு வேலியைப் பற்றி நீங்களே எழுதினீர்கள், ஆகவே சொல்கிறேன். மாமா சொன்ன தீர்ப்பு உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேலி இன்றைக்கும் மாமா காட்டிய இடத்தில்தான் நிற்கிறது, உங்கள் அப்பாவே கம்பி மாற்றிக் கட்டியிருக்கிறார். மயிலத்தமடுவுக்கு யாரும் வரவில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு. அந்தக் கோபத்தை லொறி ஓட்டிய காக்காவிடம் தீர்க்கவேண்டாம். இரண்டாவது பெயரைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதற்குப் பதில் வரும்வரை நான் விடப்போவதில்லை.

சூரிச்:

நான் சுருக்கமாக எழுதுகிறேன். பந்தல் வேண்டாம், கோயில் மண்டபமும் வேண்டாம். காக்காவின் ஆட்களையும் கூப்பிடுவதானால் பாடசாலை மண்டபம் கேளுங்கள், வாடகை குறைவு. சாப்பாட்டை அவர்களும் கையை நனைக்கிற மாதிரி ஹலாலாகச் சமைப்பியுங்கள். அந்தச் செலவு என்னுடையது. சமையல்காரரை அந்தப் பக்கத்தில் பிடித்து, பற்றுச்சீட்டை அவர் கையாலேயே வாங்குங்கள். கேடயம் ஒன்றே ஒன்று, பெயர் இரண்டு. அடித்த பதாகைக்கு யார் காசு கொடுத்தது என்று முதலில் எழுதுங்கள், அதைச் சங்கக் கணக்கில் சேர்க்க நான் சம்மதிக்கவில்லை. விதானையார் மாமாவின் கொப்பியில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ மச்சாள். எங்கள் பொருளாளர் பார்க்கவேண்டும்.

வாசிகசாலை அலுமாரி இன்னும் நிலுவையில் இருக்கிறது.